சிக்கனம் பெருக்கும் செலவு

விமான நிறுவனங்கள் புதிய விமானங்களை வாங்கும்போதெல்லாம் ஒரு செய்தி தவறாமல் வெளியாகிறது. பழைய விமானத்தைவிடப் புதியது 15 முதல் 20 விழுக்காடு வரை எரிபொருளை மிச்சப்படுத்தும்; ஆகவே, சுற்றுச்சூழல் காக்கப்படும் என்பதே அச்செய்தி. அதன் முற்பாதி உண்மை. பிற்பாதியைத்தான் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு பயணியை ஒரு கிலோமீட்டர் தொலைவு சுமந்து செல்ல 1990-இல் செலவான எரிபொருள், 2019-இல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. பொறியியலின் பெரும் சாதனை இது. ஆனால், அதே காலத்தில் உலக விமானப் போக்குவரத்து வெளியிட்ட கரியமில வாயு ஏறத்தாழ 50 கோடி டன்னிலிருந்து 100 கோடி டன்னாக உயர்ந்தது. சிக்கனம் இரு மடங்கானபோது பயணம் நான்கு மடங்கானதே காரணம்.

சிக்கனம் கூடக்கூடச் செலவும் கூடுவது எப்படி? விமானம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் இப்புதிரை ஆராய்ந்து விடை கண்டவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். பொருளியல் மாணவர்கள் இவரை இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டின் முன்னோடியாக அறிவார்கள். பண்டமாற்று நடைபெற இருவரின் தேவைகளும் ஒருங்கே பொருந்த வேண்டும் என்று பள்ளிப் பாடநூல்கள் சொல்லும் விளக்கமும் இவருடைய நூலிலிருந்து வந்ததுதான். ஆனால், இன்று உலகம் அவரை மீண்டும் தேடிப் படிப்பது நிலக்கரி பற்றி அவர் எழுதிய ஒரு நூலுக்காக.

1835 செப்டம்பர் 1-ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில் ஜெவன்ஸ் பிறந்தார். பதினொரு குழந்தைகளில் ஒன்பதாமவர். தந்தை தாமஸ் ஜெவன்ஸ் இரும்பு வணிகர். இரும்பால் கடற்படகு கட்டிப் பார்த்த முன்னோடிகளுள் ஒருவர். தாய் மேரி ஆன், கவிஞரும் வரலாற்றாசிரியருமான வில்லியம் ராஸ்கோவின் மகள். இரும்பும் எழுத்தும் ஒரே வீட்டில் புழங்கின.

அந்த வீட்டில் நெடுநாள் நிம்மதி நிலைக்கவில்லை. பத்து வயதில் தாயை இழந்தார் ஜெவன்ஸ். இங்கிலாந்தில் ரயில் பாதைகள்மீது கண்மூடித்தனமாக முதலீடு குவிந்து, பின்னர் அந்தக் குமிழி வெடித்தபோது இரும்புத் தொழில் சரிந்தது. 1848-இல் குடும்பத்தின் வணிக நிறுவனம் நொடித்துப்போனது. பெருவளர்ச்சி எவ்வளவு விரைவில் பெருவீழ்ச்சியாகும் என்பதை அவர் சிறு வயதில் தம் வீட்டிலேயே கண்டார்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வேதியியலும் தாவரவியலும் பயின்றுகொண்டிருந்தபோது ஒரு வாய்ப்பு வந்தது. ஆஸ்திரேலியாவில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டிருந்த காலம் அது. சிட்னியில் தொடங்கவிருந்த நாணயச்சாலையில் தங்கத்தின் மாற்றுப் பார்க்கும் பணிக்கு ஆள் தேவைப்பட்டது. குடும்பத்தின் நிலையை எண்ணிப் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1854-இல் தமது பதினெட்டாம் வயதில் கப்பலேறினார். மறு ஆண்டே தந்தை மறைந்தார். மகன் உலகின் மறுகோடியில் இருந்தார்.

சிட்னியில் கழிந்த ஐந்தாண்டுகளே ஜெவன்ஸை உருவாக்கின. பணி நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் எதையேனும் அளந்துகொண்டே இருந்தார். மழை, வெப்பநிலை, காற்றழுத்தம் ஆகியவற்றை நாள்தோறும் பதிவு செய்தார். ஆஸ்திரேலியாவின் தட்பவெப்பம் குறித்து விரிவான தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். சிட்னி நகரின் தெருக்களில் நடந்து, எந்தப் பகுதியில் எத்தகைய மக்கள் எவ்வாறு வாழ்கிறார்கள் என்று குறிப்பெடுத்தார்.

மேகங்களின்மீது அவருக்குத் தனி ஈடுபாடு இருந்தது. வானின் மிக உயரத்தில் இழை இழையாகத் தோன்றும் கீற்று மேகங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதை அறிய, அடர்த்தியில் வேறுபட்ட நீர்மங்களைக் கண்ணாடிக் கலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கச் செய்து, அவற்றினூடே இறங்கும் மெல்லிய இழைகளைக் கவனித்தார். அந்த ஆய்வு 1857-இல் லண்டனின் அறிவியல் இதழில் வெளியானது. அப்போது அவருக்கு வயது 21. இந்தக் கீற்று மேகத்துக்கும் விமானத்துக்கும் உள்ள தொடர்பைப் பின்னர் காண்போம்.

நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் அப்போது ரயில் பாதை அமைப்பது பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தது. பாதைக்கான செலவை யார் ஏற்பது, கட்டணத்தை எவ்வாறு தீர்மானிப்பது என்ற கேள்விகள் ஜெவன்ஸைப் பொருளியலின் பக்கம் இழுத்தன. ஒரு போக்குவரத்துத் துறையின் உண்மையான விலை என்ன என்ற கேள்வியிலிருந்து அவருடைய பொருளியல் தொடங்கியது என்பது நாம் மனத்தில் கொள்ளத்தக்கது. நல்ல ஊதியம் தந்த வேலையை 1859-இல் துறந்து, அமெரிக்கா வழியாக இங்கிலாந்து திரும்பினார். விட்ட படிப்பைத் தொடர்ந்து 1862-இல் தங்கப் பதக்கத்துடன் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டில், பொருளியலைக் கணிதத்தின் துணையுடன் விளக்கும் ஒரு கட்டுரையைப் பிரிட்டிஷ் அறிவியல் கழகத்தின் கூட்டத்துக்கு அனுப்பினார். அதைப் பொருட்படுத்துவார் இல்லை. தங்கத்தின் மதிப்பு வீழ்ந்துவருவது பற்றி 1863-இல் வெளியிட்ட சிறு நூலும் தொடக்கத்தில் மிகச் சிலரையே எட்டியது. அவ்வாண்டு மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் சிறிய ஆசிரியப் பணி கிடைத்தது. இந்தச் சூழலில்தான் நாட்டையே திரும்பிப் பார்க்க வைக்கும் ஒரு பொருளை எழுதுவதென்று அவர் முடிவு செய்தார். அந்தப் பொருள் நிலக்கரி.

பிரிட்டனின் ஆலைகள், கப்பல்கள், ரயில்கள் யாவும் நிலக்கரியை நம்பி இயங்கிய காலம் அது. நிலத்தடியில் எவ்வளவு கரி எஞ்சியுள்ளது என்று நிலவியலாளர்கள் கணக்கிடத் தொடங்கியிருந்தார்கள். ஜெவன்ஸ் கேட்ட கேள்வி வேறு. கரி எப்போது தீரும் என்பதைவிட, அது எப்போது எட்டாத ஆழத்துக்கும் கட்டுப்படியாகாத விலைக்கும் போகும் என்பதே முக்கியம் என்றார் அவர். கரி விலை உயர்ந்தால், அளவிறந்த கரிவளம் கொண்ட அமெரிக்காவிடம் பிரிட்டன் தன் தொழில் முதன்மையை இழக்கும் என்றும் எச்சரித்தார்.

'நிலக்கரிப் பிரச்சினை' என்று தமிழில் குறிப்பிடத்தக்க அந்த நூல் 1865-இல் வெளியானபோது அவருக்கு வயது 29. 1861-இல் பிரிட்டனில் வெட்டப்பட்ட கரி சுமார் 8.36 கோடி டன். ஆண்டுக்கு 3.5 விழுக்காடு என்ற வேகத்தில் அது தொடர்ந்து பெருகினால், 1961-இல் 260.7 கோடி டன் தேவைப்படும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவ்வளவு கரியை வெட்டியெடுக்க இயலாது. ஆகவே, வளர்ச்சி இதே வேகத்தில் நீடிக்கவும் இயலாது என்பதே அந்தக் கணக்கின் பொருள். கூட்டு வளர்ச்சியின் வலிமையைப் பொதுமக்கள் உணரும்படி எடுத்துரைத்த தொடக்ககால முயற்சிகளுள் அதுவும் ஒன்று.

அதைக் கேட்ட பலரும் ஒரு சமாதானம் சொன்னார்கள். இயந்திரங்கள் மேம்பட்டு வருகின்றன. குறைந்த கரியில் நிறைந்த வேலை நடக்கும். எனவே, கரித்தேவை தானாகவே குறையும் என்றார்கள். அந்தச் சமாதானத்தைத்தான் ஜெவன்ஸ் தகர்த்தார்.

அவர் எடுத்துக்காட்டியது ஸ்காட்லாந்தின் இரும்பு உலைகளை. நீல்சன் என்பவர் 1828-இல் கண்டறிந்த வெப்பக் காற்று முறையால், ஒரு டன் இரும்பை உருக்கத் தேவையான கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. அதன் விளைவாக ஸ்காட்லாந்தின் கரிச் செலவு குறைந்ததா? 1830-க்கும் 1863-க்கும் இடையில் அது பத்து மடங்கானது. கரிச் செலவு குறைந்ததால் இரும்பு மலிவானது, மலிவானதால் அதற்குப் புதிய பயன்கள் பிறந்தன, உலைகள் பெருகின. ஒவ்வோர் உலையும் மிச்சம் பிடித்தது. எல்லா உலைகளும் சேர்ந்து மிகுதியாக எரித்தன.

மற்றோர் எடுத்துக்காட்டு இன்னும் கூர்மையானது. சேவரி என்பவர் உருவாக்கிய தொடக்ககால நீராவி இயந்திரம் கரியைத் தாறுமாறாகத் தின்றது. அதனாலேயே அதை வாங்குவார் இல்லை. ஆகையால், அது எரித்த கரியும் மிகக் குறைவு. பின்னர் வந்த ஜேம்ஸ் வாட்டின் சிக்கனமான இயந்திரமே நாடெங்கும் பரவி, கரிச் சுரங்கங்களை ஆழப்படுத்தியது. ஜெவன்ஸ் முரண் என்று இன்று பொருளியலார் வழங்குவது இதைத்தான்.

சேவரியின் இயந்திரத்துக்கு இணையாக விமானத் துறையில் ஒன்றைச் சொல்லலாம். ஒலியைவிட விரைந்து பறந்த கன்கார்டு, பயணி ஒருவருக்குச் செலவிட்ட எரிபொருள் மிக அதிகம். ஆனால், பயணிகள் சேவையில் இருந்தவை 14 மட்டுமே. 2003-இல் அவையும் நின்றுவிட்டன. மாறாக, சிக்கனத்துக்குப் பெயர்பெற்ற ஏர்பஸ் 320, போயிங் 737 ஆகிய இரு குடும்பங்களிலும் தனித்தனியே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டுள்ளன. வானை நிரப்பியது ஊதாரி விமானம் அன்று, சிக்கன விமானமே.

விமான நிறுவனத்தின் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கோ அதற்கு மேலோ எரிபொருளுக்குப் போகிறது. அது குறைந்தால் கட்டணம் குறையும். முன்பு கட்டுப்படியாகாத வழித்தடங்கள் கட்டுப்படியாகும். நெடுந்தொலைவு ஊர்களைச் சிறிய விமானமே இணைக்க முடிகிறது. பயணப் பெருக்கம் முழுவதற்கும் எரிபொருள் சிக்கனமே காரணம் என்று கூறுவது மிகையாகும். மக்களின் வருமான உயர்வு, அமெரிக்காவில் 1978-இல் தொடங்கிய கட்டுப்பாட்டுத் தளர்வு, குறைந்த கட்டண நிறுவனங்களின் வரவு ஆகியவற்றுக்கும் பங்குண்டு. ஆனால், சிக்கனம் ஒன்றே மொத்தச் செலவைக் கட்டுப்படுத்திவிடும் என்ற நம்பிக்கைக்குக் கடந்த முப்பதாண்டுக் கணக்கில் சான்று இல்லை.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2010-இல் வகுத்த இலக்கு, எரிபொருள் திறனை ஆண்டுக்கு 2 விழுக்காடு உயர்த்துவது. கொள்ளைநோய்க் காலத்துக்கு முன்பு விமானப் பயணமோ பல ஆண்டுகளில் 5 விழுக்காட்டுக்கும் மேலாக வளர்ந்தது. இரண்டுக்கும் ஐந்துக்கும் இடையிலான வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை. ஜெவன்ஸ் 1865-இல் போட்ட அதே கூட்டு வளர்ச்சிக் கணக்குதான் அது.

அவருடைய நூல் முதலில் மெதுவாகவே விற்றது. 1866 ஏப்ரலில், அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் அதை எடுத்துக்காட்டிப் பேசினார். அடுத்த மாதம் நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் தமது நிதிநிலை அறிக்கையில் அந்நூலின் எச்சரிக்கையை அடிப்படையாகக் கொண்டு, நாட்டின் கடனைக் குறைக்கும் திட்டத்தை முன்மொழிந்தார். நிலக்கரி வளத்தை ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டே ஜெவன்ஸ் ஓவன்ஸ் கல்லூரியின் பேராசிரியரானார். மறு ஆண்டில் மான்செஸ்டர் கார்டியன் நாளேட்டை நிறுவிய ஜான் எட்வர்டு டெய்லரின் மகள் ஹேரியட்டை மணந்தார்.

கரிக்கும் கடனுக்கும் என்ன தொடர்பு? இந்தத் தலைமுறை மலிவான கரியை எரித்துச் செல்வம் சேர்க்கிறது. அடுத்த தலைமுறைக்கு விலையுயர்ந்த கரியையும் பழைய கடனையும் சேர்த்து விட்டுச் செல்வது நியாயமன்று. வளம் இருக்கும்போதே கடனை அடைப்பதுதான் முறை என்பது ஜெவன்ஸின் வாதம். வருங்காலத் தலைமுறையின் தேவையைப் பறிக்காமல் நிகழ்காலத் தேவையை நிறைவேற்றுவதே வளங்குன்றா வளர்ச்சி என்று 1987-இல் புருந்த்லாந்து ஆணையம் விளக்கியது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கணக்கை ஒருவர் நாட்டின் வரவு செலவில் எழுதிப் பார்த்திருக்கிறார்.

ஜெவன்ஸ் எல்லாவற்றிலும் சரியாக இருந்தார் என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனின் கரி உற்பத்தி 1913-இல் சுமார் 29 கோடி டன் என்ற உச்சத்தை எட்டியபின் இறங்கத் தொடங்கியது. அவர் அஞ்சிய 260 கோடி டன் என்ற நிலை வரவே இல்லை. பெட்ரோலியத்தை அவர் அறிந்திருந்தும், அது கரியின் இடத்தை நிரப்பும் என்று எண்ணவில்லை. அந்த பெட்ரோலியத்திலிருந்துதான் இன்றைய விமான எரிபொருள் பிறக்கிறது. 2024 செப்டம்பரில் பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. அப்போதும் மண்ணுக்கடியில் கரி இருந்தது.

இந்தப் பிழையைச் சுட்டி, விமானத் துறைக்கும் மாற்று எரிபொருள் வந்துவிடும், கவலை வேண்டாம் என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். கரியின் இடத்துக்கு எண்ணெய் வந்தது, பல பயன்களுக்கு அது கரியைவிட வசதியாகவும் மலிவாகவும் இருந்ததால். வளங்குன்றா விமான எரிபொருள் என்று இன்று அழைக்கப்படுவது, வழக்கமான எரிபொருளைவிடப் பல மடங்கு விலை கொண்டது. 2024-இல் உலகின் மொத்த விமான எரிபொருளில் அதன் பங்கு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து அதைத் தயாரிக்கலாம். ஆனால், உலகின் சமையலறைகள் அனைத்தையும் வழித்தாலும் விமானங்களின் தாகத்துக்குப் போதாது. பயிர்களிலிருந்து தயாரிக்கலாம், அதற்கு நிலமும் நீரும் வேண்டும்.

இதில் இந்தியாவுக்கு அனுபவம் உண்டு. 2009-இன் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, காட்டாமணக்கு முதலானவற்றை நம்பி, 2017-க்குள் 20 விழுக்காடு கலப்பை எட்டத் திட்டமிட்டது; உயிரி டீசலில் அந்த இலக்கின் அருகில்கூட நாம் செல்லவில்லை. 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து தில்லிக்குக் காட்டாமணக்கு எண்ணெய் கலந்த எரிபொருளுடன் ஸ்பைஸ்ஜெட் விமானம் பறந்தது பெருமைக்குரியதே. ஆனால், ஒரு விமானம் பறப்பது வேறு. ஒரு துறையே பறப்பது வேறு.

மான்செஸ்டரில் இருந்த ஆண்டுகளில் ஜெவன்ஸ் தர்க்கவியலிலும் ஈடுபட்டார். பியானோவைப் போல விசைப்பலகை கொண்ட தர்க்க இயந்திரம் ஒன்றை உருவாக்கி, 1870-இல் ராயல் சொசைட்டியில் இயக்கிக் காட்டினார். 1871-இல் வெளியான அவருடைய பொருளியல் கோட்பாட்டு நூல், ஆஸ்திரியாவின் மெங்கர், பிரான்சில் பிறந்த வால்ராஸ் ஆகியோரின் நூல்களுடன் சேர்ந்து பொருளியலின் போக்கையே மாற்றியது. ஒரு பண்டத்தின் மதிப்பை அதன் மொத்தப் பயன் தீர்மானிப்பதில்லை. கடைசியாக நுகரும் அலகின் பயனே தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். 1872-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பதினேழாம் நூற்றாண்டின் வில்லியம் பெட்டிக்குப் பின் அந்தப் பெருமையைப் பெற்ற பொருளியலார் அவரே.

நிலக்கரி நூலின் புதிருக்கு இந்தக் கோட்பாட்டு நூலில் விடை இருக்கிறது. மனிதர்கள் கடைசி அலகின் விலையைப் பார்த்தே மேலும் வாங்குவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்கிறார்கள். சிக்கனம் அந்த விலையைக் குறைக்கிறது. ஆகவே, நுகர்வு கூடுகிறது. சிக்கனத்தால் மிச்சமாவதில் ஒரு பகுதியையேனும் விலையில் திரும்பச் சேர்த்தால்தான் நுகர்வு கட்டுக்குள் நிற்கும். கரிக்கு வரி விதிப்பதை ஜெவன்ஸ் ஆராய்ந்தார். தொழிலைப் பாதிக்கும் என்று அஞ்சித் தயங்கினார். பின்வந்த பொருளியலார், மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டினார்கள்.

விமானத் துறையில் அந்த நெறி இன்றும் முழுமையாக நுழையவில்லை. 1944-இல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை, ஒரு நாட்டில் வந்திறங்கும் விமானத்தில் இருக்கும் எரிபொருளுக்குச் சுங்க வரி விலக்கு அளித்தது. பின்னர் நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அந்த விலக்கை மேலும் விரிவாக்கின. இதன் பலனாக, சர்வதேச விமானங்களின் எரிபொருள் பெரும்பாலும் வரியின்றியே எரிகிறது. 1997-இன் கியோட்டோ உடன்படிக்கையும் சர்வதேச விமானங்களின் மாசைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை நாடுகளின் இலக்குகளில் சேர்க்காமல் விமானப் போக்குவரத்து அமைப்பிடமே ஒப்படைத்தது. பேருந்தில் செல்லும் தொழிலாளி டீசலுக்கு வரி கட்டுகிறார். கடல் கடந்து விடுமுறைக்குப் பறப்பவர் எரிபொருளுக்கு வரி கட்டுவதில்லை.

இந்தியாவில் உள்நாட்டு விமான எரிபொருளுக்கு மத்திய கலால் வரியும் மாநில மதிப்புக் கூட்டு வரியும் உண்டு. அது சரக்கு, சேவை வரிக்கு வெளியே நிற்கிறது. விமானங்களை ஈர்ப்பதற்காகப் பல மாநிலங்கள் தங்கள் வரியை வெகுவாகக் குறைத்துள்ளன. குறைத்த மாநிலங்களும் சரி, குறைக்காத மாநிலங்களும் சரி, அந்த வருவாயைத் தூய எரிபொருளுக்கு ஒதுக்குவதில்லை. வருமானத்துக்காக வரி, போட்டிக்காக வரிக் குறைப்பு என்ற இரண்டுக்கும் இடையில் சுற்றுச்சூழலின் கணக்கு காணாமல் போகிறது.

ஜெவன்ஸ் 1876-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியரானார். இந்த ஆண்டுகளில் அவரை ஆட்கொண்டது ஒரு விநோதக் கோட்பாடு. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளின் சுழற்சியே விளைச்சலையும், அதன் வழியாக வணிக நெருக்கடிகளையும் தீர்மானிக்கிறது என்று அவர் நம்பினார். அதற்குச் சான்றாக தில்லியின் பழைய தானிய விலைகளைக்கூட ஆராய்ந்தார். இந்தியாவில் விளைச்சல் பொய்த்தால் இங்கிலாந்தின் துணிக்கு வாங்குவோர் இருக்கமாட்டார்கள் என்பது அவர் கண்ட தொடர்பு. அந்தக் கோட்பாடு நிலைக்கவில்லை. ஆனால், தட்பவெப்பம் மாறினால் பொருளாதாரம் மாறும், ஓரிடத்தின் வறட்சி மற்றோரிடத்தின் சந்தையை உலுக்கும் என்ற உள்ளுணர்வு பொய்யாகவில்லை.

வளம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சம் அவருடைய சொந்த வாழ்விலும் படிந்திருந்தது. காகிதத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று எண்ணி ஏராளமாக வாங்கிக் குவித்தார். அவர் இறந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியவில்லை என்று அறிஞர் கீன்ஸ் பதிவு செய்திருக்கிறார். பற்றாக்குறையை அஞ்சிய மனிதரின் பலவீனம் என்று இதைப் பார்த்துப் புன்னகைக்கலாம். எதிர்காலத்தை நிகழ்காலம்போல் உணர்ந்தவரின் இயல்பு என்றும் கொள்ளலாம்.

உறக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை வாட்டின. முழுநேரமும் எழுதுவதற்காக 1880-இல் பேராசிரியர் பணியைத் துறந்தார். 1882 ஆகஸ்ட் 13-ஆம் நாள், ஹேஸ்டிங்ஸ் நகருக்கு அருகில் கடலில் குளிக்கச் சென்றவர் நீரில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 46. இளம் மனைவியையும் மூன்று சிறு குழந்தைகளையும் முடிவுறாத நூல்களையும் விட்டுச் சென்றார். அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் தொகுத்து வெளியிட்டவர் ஹேரியட்தான்.

மகன் ஹெர்பர்ட் ஸ்டான்லி ஜெவன்ஸ் தந்தையின் துறையையே தேர்ந்தெடுத்தார். அலாகாபாத் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றினார். 1916-இல் தொடங்கப்பட்ட இந்தியப் பொருளியல் ஆய்விதழின் பிறப்பில் அவருக்குப் பெரும் பங்குண்டு. தந்தை எழுப்பிய கேள்வி இப்போது நம் நாட்டின் வாசலுக்கு வந்திருக்கிறது.

உள்நாட்டு விமானப் பயணத்தில் உலகின் மூன்றாவது பெரிய சந்தை இந்தியா. 2014-இல் 74-ஆக இருந்த பயன்பாட்டு விமான நிலையங்களின் எண்ணிக்கை பத்தாண்டுகளில் ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. 2023-இல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் கொள்முதல் ஆணைகளை அறிவித்தன. கொச்சி விமான நிலையம் 2015 முதல் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்குவதை நாம் பெருமையுடன் சொல்கிறோம், சொல்ல வேண்டும். ஆயினும், அங்கிருந்து மேலெழும் விமானம் மண்ணெண்ணெயின் உறவான எரிபொருளைத்தான் எரிக்கிறது.

வளர்ந்த நாடுகள் வானை நிரப்பிய பிறகு, இந்தியன் மட்டும் பறக்கக் கூடாதா என்ற கேள்வி எழும். நியாயமான கேள்வி. ஓராண்டில் விமானத்தில் ஏறுவோர் உலக மக்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. அவர்களுள்ளும் அடிக்கடி பறக்கும், உலக மக்களில் ஒரு விழுக்காட்டினர் விமானப் பயண மாசில் பாதிக்குக் காரணமானவர்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டுள்ளது. முதன்முறை விமானமேறும் சிற்றூர்க்காரர் அன்று இங்கே சிக்கல். இறுதிநிலைப் பயன்பாடு கற்பிப்பதும் அதுதான்: முதல் பயணத்தின் பயன் மிகப் பெரிது, ஐம்பதாவது பயணத்தின் பயன் சிறிது. இரண்டும் விடும் புகை ஒன்றே.

ஆகவே, வரியும் அதற்கேற்ப அமையலாம். முதல் பயணத்துக்கு விலக்கு, அடிக்கடி பறப்போருக்கு ஏறுமுகக் கட்டணம் என்பது பொருளியல் நெறிக்கு உகந்தது. அந்த வருவாய் தூய எரிபொருள் ஆய்வுக்கும் ரயில்வேக்கும் செல்ல வேண்டும். இரண்டரை மணி நேரத்தில் ரயிலில் சென்றடையக்கூடிய சில வழித்தடங்களில் உள்நாட்டு விமானங்களை பிரான்ஸ் 2023-இல் தடை செய்தது. தடை இல்லாவிடினும், சென்னை - பெங்களூரு போன்ற தொலைவுகளில் ரயிலை விரைவாகவும் எளிதாகவும் ஆக்கினால் மக்கள் தாமாகவே மாறுவார்கள். சர்வதேச விமானங்களில் 2027-இல் 1 விழுக்காடு, 2028-இல் 2 விழுக்காடு, 2030-இல் 5 விழுக்காடு தூய எரிபொருளைக் கலப்பது என்பது இந்தியாவின் இலக்கு. ஐரோப்பிய ஒன்றியம் 2050-இல் 70 விழுக்காட்டைச் சட்டமாக்கியுள்ளது. நம் இலக்கு 2030-உடன் நின்றுவிடக் கூடாது.

இனி கீற்று மேகங்களுக்கு வருவோம். விமானம் குளிர்ந்த, ஈரப்பதம் மிகுந்த உயர் வானில் செல்லும்போது, அதன் புகையில் உள்ள நீராவி பனித்துகள்களாக உறைந்து வெண்கோடாக நீள்கிறது. அது சில வேளைகளில் பரவிக் கீற்று மேகமாகிறது. அந்த மேகம் பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாமல் தடுக்கிறது. இரவில் இந்த விளைவு இன்னும் கூடுதல். விமானத் துறையால் நேரும் வெப்பமயமாதலில் கரியமில வாயுவைத் தவிர்த்த மற்ற காரணிகளின் பங்கு மூன்றில் இரண்டு வரை இருக்கலாம் என்பது அறிவியலாளர் மதிப்பீடு; அவற்றுள் முதன்மையானது இந்த மேகமே. குறிப்பிட்ட சில விமானங்களின் உயரத்தைச் சற்றே மாற்றினால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். கரியமில வாயுவை மட்டும் எண்ணும் கணக்கேட்டில் இதற்கு இடமே இல்லை. சிட்னியில் கண்ணாடிக் கலத்தின் முன் அமர்ந்து இழை மேகத்தை ஆராய்ந்த இளைஞர், மனிதனே அதை வானில் வரையும் காலம் வரும் என்று எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

குறுகிய காலப் பெருமை வேண்டுமா, நெடுங்காலம் நீடிக்கும் எளிய வாழ்வு வேண்டுமா என்று தம் நாட்டிடம் கேட்டுத்தான் ஜெவன்ஸ் நிலக்கரி நூலை முடித்தார். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. சிக்கனத்தின் பயன் முழுவதையும் இன்றே நுகர்ந்துவிடாமல், ஒரு பகுதியை நாளைக்கு எடுத்து வைப்பதே அது. ஒரு பயணிக்கு எவ்வளவு எரிபொருள் என்ற கணக்கை மட்டும் விமான நிறுவனங்கள் வெளியிட்டால் போதாது. ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்ற கணக்கும் வெளியாக வேண்டும். பூமி சூடாவது சராசரியால் அன்று, கூட்டுத்தொகையால்.